வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

ஆண்டு விடுமுறை வந்துவிட்டால் கணக்கு வாத்தியார் வீட்டில் யாருக்கும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் பாக்கியம் கிடையாது. மேஜையை ஒரு தெர்மகோல் பலகை பிடித்துக்கொள்ளும். பதினான்கு வகுப்புகள், வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு எட்டுப் பீரியட். ஆக மொத்தம் ஐந்நூற்று அறுபது கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு வண்ணச் சீட்டு, சீட்டுக்கு ஒரு குண்டூசி. கணக்குக்கு நீலம், அறிவியலுக்குப் பச்சை, வரலாற்றுக்குக் கத்திரிப்பூ நிறம். மின்விசிறி போடக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது. குத்தாமல் வைத்திருந்த சீட்டு ஒன்று பறந்தாலும் வாத்தியார் கூடவே பறப்பார். மனைவியும் மகளும் இரண்டு வாரம் சமையலறையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடிப்பார்கள்.

அவருக்குப் பள்ளியில் டைம்டேபிள் சார் என்றுதான் பெயர். கணக்குச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பள்ளிக்கூடத்தில் யாருக்குச் செல்வாக்கு அதிகம் என்று வெளியார் கேட்டால் தலைமையாசிரியையைக் கை காட்டுவார்கள். ஆசிரியர் அறையில் ஒரு வருஷமாவது குப்பை கொட்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தலைமையாசிரியை கோபித்துக்கொண்டால் அரை நாளில் ஆறிவிடும். டைம்டேபிளில் எக்குத்தப்பாக மாட்டிக்கொண்டால் ஒரு வருஷத்துக்கு விமோசனம் இல்லை. மதியம் சாப்பிட்டவுடன் வருகிற ஐந்தாம் பீரியடில் பாதி வகுப்பு கொட்டாவி விடும், மீதி பாதி அதைப் பார்த்துக் கொட்டாவி விடும். தொடர்ந்து மூன்று பீரியட் வந்தால் கால் கழன்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், அதுவும் எட்டாம் வகுப்பு சி பிரிவில். அறுபது பிள்ளைகளின் உடம்பு மட்டும் பெஞ்சில் இருக்கும். உயிர் எப்போதோ வாசலைத் தாண்டியிருக்கும். அந்தப் பீரியட் யார் தலையில் விழும் என்பதுதான் விடுமுறை முழுக்க இருபத்திரண்டு ஆசிரியர்களுக்கும் கவலை.

ஆகையால் வாத்தியாரை எல்லோரும் தாஜா பண்ணுவார்கள். டிராயிங் சாருக்குக் காலை பஸ் தாமதமாக வரும், அதனால் முதல் பீரியட் வேண்டாம். அறிவியல் சாருக்கு ஆய்வகத்துக்கு இரண்டு பீரியட் ஒட்டி வேண்டும். மொழி டீச்சருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார், ஒரு நோட்டில் குறித்தும் கொள்வார். "பார்க்கலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அவர் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. இந்த வேலையை அவர் கேட்டு வாங்கவும் இல்லை. அதற்கு முன் போட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றபோது வேறு யாரும் கையைத் தூக்கவில்லை, அவ்வளவுதான். இருபத்தெட்டு வயதில் கையில் எடுத்தது, இருபத்திரண்டு வருஷமாகக் கையிலேயே இருந்தது.

இரண்டாவது வருஷம் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் வேறு யாருமில்லை, அதே பள்ளியின் வரலாற்று டீச்சர். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருவர் திருத்தும் பேப்பர் கட்டு மற்றவர் மேஜைமேல் சரிந்து சரிந்து கடைசியில் வீட்டுப் பெரியவர்கள் வரை போய்விட்டது. அந்த வருஷத்து டைம்டேபிளில் புது மாப்பிள்ளை பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. திங்கட்கிழமை முதல் பீரியடும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடும் டீச்சருக்கு ஓய்வாக விழுந்திருந்தன. தானாக விழுந்ததா, கை கொஞ்சம் தள்ளிவிட்டதா என்று அவரைக் கேட்டால் அவருக்கே நிச்சயமாகத் தெரியாது.

அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டியதும் டிராயிங் சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "அடடா! தெரிஞ்சிருந்தா நானும் டைம்டேபிள் சாரையே கட்டியிருப்பேனேப்பா" என்றார்.

அறையே கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தார். வாத்தியாருக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது. டிராயிங் சார் அன்றைக்கு மாலையே அதை மறந்திருப்பார், அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து இப்படிச் சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. வாத்தியார் மறக்கவில்லை. நேர்மையானவன் என்று பெயர் எடுக்க ஆசைப்படுகிறவனிடம் இதுதான் தொல்லை. ஒரு சின்னச் சிரிப்பைக்கூட அவனால் செரிக்க முடியாது.

அடுத்த வருஷம் பலகையில் எல்லாச் சீட்டும் குத்தி முடித்துக் கடைசியில் யாரும் வேண்டாமென்ற ஐந்தாறு கட்டங்கள் மிஞ்சின. வாத்தியார் கத்திரிப்பூ நிறச் சீட்டுகளை எடுத்து அங்கே குத்தினார். டிராயிங் சார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதி வாத்தியாருக்குப் பாராட்டு மடல் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அது வழக்கமே ஆகிவிட்டது. எது மிஞ்சினாலும் டீச்சருக்கு. "அந்தப் பீரியடா? அதான் டீச்சரம்மா இருக்காங்களே" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள்கூடச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். ஒரு முறை ஆண்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, சொந்த வீட்டம்மாவுக்கே சலுகை காட்டாத மனுஷன் என்று வாத்தியாரைப் புகழ்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சரும் தட்டினார். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

டீச்சர் கேட்காமல் இல்லை, ஒரே ஒரு தடவை கேட்டார். மகள் அப்போது கைக்குழந்தை.

"வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மட்டும் எனக்கு வேணாங்க. குழந்தையப் பார்த்துக்கிறவங்க அன்னிக்குச் சீக்கிரம் கிளம்பிடறாங்க."

வாத்தியார் பலகையை அவர் பக்கம் திருப்பினார். "உனக்கு எடுத்தா வேற யாருக்காவது போடணும். யாருக்குப் போடறது? நீயே சொல்லு."

கரும்பலகை முன்னால் நிறுத்திவிட்டுக் கேட்கிற கேள்வி அது. டீச்சர் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவருக்கு மாமியார் படுக்கையில், ஒருவருக்கு முதுகு வலி, ஒருவர் ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. "சரி, விடுங்க" என்று எழுந்து போனார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் தேடிக்கொண்டார். அதற்குப் பிறகு எதுவும் கேட்டதில்லை. மனைவிக்குத் தன் கொள்கை பிடித்திருக்கிறது என்று வாத்தியார் எடுத்துக்கொண்டார்.

டீச்சருக்குப் பாடம் நடத்துவதில் ஒரு தனி வழி இருந்தது. எந்த ராஜாவானாலும் அவரைப் பக்கத்து வீட்டில் குடிவைத்துவிடுவார். "அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. பெரியவருக்கு நிலம் ஜாஸ்தி, சின்னவருக்கு நாக்கு ஜாஸ்தி. அப்புறம் சண்டை வராம என்ன பண்ணும்?" என்று ஆரம்பித்தால் எட்டாம் வகுப்பு சி கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். ஆனால் அறுபது வாய் பிளக்கும்வரை முதல் பத்து நிமிஷம் கத்தித்தான் ஆகவேண்டும். அந்த அறை பெரிய ரோட்டை ஒட்டியது. லாரி ஒவ்வொன்றும் ஜன்னலை ஆட்டிவிட்டுப் போகும். வருஷம் ஆக ஆக அந்தப் பத்து நிமிஷம் பதினைந்தாயிற்று.

மகள் வளர்ந்தாள். எண்ணக் கற்றதே குண்டூசிகளை வைத்துத்தான். அப்பாவைப் போலக் கணக்கில் கெட்டி, அம்மாவைப் போலப் பேச்சில் கெட்டி. செவிலியர் படிப்புக்கு வேறு ஊருக்குப் போய் விடுதியில் தங்கினாள். வாரம் ஒரு முறை போன் பண்ணுவாள். அப்படிப் பண்ணிய ஒரு நாள்தான், "என்னம்மா, உன் குரல் யாரோ மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

கொஞ்ச நாளாகவே டீச்சரின் குரல் மத்தியானத்துக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் காற்றுதான் வரும். வெந்நீர், மாத்திரை, கழுத்தைச் சுற்றித் துணி என்று காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். மகள் விடவில்லை. தினமும் போனில் நச்சரித்து, ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு தொண்டை டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். வாத்தியாரும் கூடப் போனார்.

டாக்டர் ஒரு குழாயை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். குரல்வளையில் எதிரெதிராக இரண்டு சின்ன முடிச்சுகள்.

"டீச்சரா?" என்றார் டாக்டர், தொழிலைக் கேட்காமலே. "கை உழைச்சா காப்புக் காய்க்குதில்ல, அது மாதிரிதான் இது. மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது. அதுக்கப்புறமும் ரெண்டு பீரியடுக்கு மேல சேர்ந்தாப்பல எடுக்காதீங்க. கத்தற வகுப்பு வேணவே வேணாம்."

"இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு டாக்டர்" என்றார் டீச்சர்.

"சர்வீஸ் இருக்கும்மா. குரல் இருக்கணுமே. பழையபடியே போனா ரெண்டு வருஷம்கூடத் தாங்காது."

டீச்சர் அதற்குமேல் பேசவில்லை. மூன்று வாரக் கணக்கு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் டீச்சர் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் காட்டிப் பேசினார். பால் தீர்ந்துவிட்டது, கதவைச் சாத்துங்கள், போனை எடுங்கள். வீட்டில் பேச்சு நின்ற பிறகுதான், அதுவரை பேசிக்கொண்டிருந்தது யார் என்று வாத்தியாருக்கு விளங்கியது. அவர் பேசியதெல்லாம் "ம்" தான். இப்போது "ம்" போடவும் வழியில்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தெர்மகோல் பலகையை மேஜைமேல் வைத்ததும் முதல் காரியமாகக் கத்திரிப்பூ நிறச் சீட்டுகளைப் பிரித்தார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவற்றை முதலில் குத்தினார். தொடர் பீரியட் இல்லை, ஐந்தாம் பீரியட் இல்லை, எட்டாம் வகுப்பு சி இல்லை. ஆக ஐந்து கட்டங்களிலிருந்து டீச்சரை வெளியே கொண்டுவந்து அங்கே மற்றவர்களை உட்காரவைத்தார். பலகையை எட்ட நின்று பார்த்தபோது நிம்மதியாக இருந்தது.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது ஆசிரியர்கள் கூட்டம். வரைவுத் தாள் கைமாறிக்கொண்டே போயிற்று.

"டீச்சருக்குத் தொண்டைன்னா எனக்கு முட்டி சார்" என்றார் டிராயிங் சார். "மாடி வகுப்பெல்லாம் கீழ எறக்குங்க பார்ப்போம்."

சிரித்தார்கள். மொழி டீச்சர் தாளை மடித்துக்கொண்டே, "இத்தனை வருஷம் சார் கல்லு மாதிரி இருந்தாரு. கடைசியில சாரும் மனுஷன்தான்" என்றார். பாவம், அந்த அம்மாள் அதை நல்ல மனசோடுதான் சொன்னார். அவருக்குத்தான் அந்த வருஷம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் விழுந்திருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வாத்தியார் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய வேகத்தில் பலகை முன்னால் உட்கார்ந்தார். ஐந்தில் இரண்டை விட்டுவைத்தார். மூன்று கத்திரிப்பூ நிறச் சீட்டுகளைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே குத்தினார். செவ்வாய்க்கிழமை தொடர்ந்து மூன்று பீரியட். புதன்கிழமை ஐந்தாம் பீரியட். வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பு சி. முன்னால் அஞ்சு இருந்த இடத்தில் இப்போது மூணுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டீச்சர் டீ கொண்டுவந்து வைத்தவர் பலகையைப் பார்த்தார். அவருக்கும் இருபது வருஷமாகப் பழகிய பலகை அது, ஒரு நொடி போதும். வாத்தியார் தலையை நிமிர்த்தாமல், "மூணுதான். சமாளிச்சுக்கலாம் இல்ல?" என்றார்.

டீச்சர் நோட்டை எடுத்து, "பரவாயில்லை" என்று எழுதிக் காட்டினார்.

வாத்தியார் அதை நம்பிவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த தப்புகளை வரிசைப்படுத்தினால் அதற்குத்தான் முதலிடம் கொடுக்கவேண்டும். மறுநாள் காலை டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு, கல்வி அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வேலை இருப்பதாக எழுதிக் காட்டிவிட்டுப் போனார். என்ன கையெழுத்து என்று இவர் கேட்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மகள் விடுமுறைக்கு வந்தாள். பையை வைத்தாள், அம்மாவின் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்தாள், பிறகு நேரே மேஜைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை வரிசையின் கடைசியில் விரலை வைத்தாள்.

"அப்பா, டாக்டர் சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"ரெண்டு எடுத்திருக்கேன்ல. எல்லாத்தையும் எடுக்க முடியுமா? நாலு பேருக்குப் பொதுவா இருக்கணும்மா."

"சரி. உங்களுக்கு எப்ப வந்துச்சு இந்தப் பீரியட்?"

"எனக்கா? கணக்கு காலையிலதான் மண்டையில ஏறும். அது பசங்களோட நன்மைக்கு."

"நன்மையெல்லாம் இருக்கட்டும். எந்த வருஷம் வந்துச்சு? ஒரே ஒரு வருஷம் சொல்லுங்க போதும்."

வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்துவந்தார். இருபத்திரண்டு வருஷத்து டைம்டேபிளும் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தாளாகப் புரட்டி, வெள்ளிக்கிழமை வரிசையில் விரலை ஓட்டினார். நீலம் முதல் பீரியடில் இருந்தது, இரண்டாம் பீரியடில் இருந்தது, நான்காம் பீரியடைத் தாண்டி இறங்கவே இல்லை. ஐந்தாம் பீரியட் எந்த வருஷமும் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் எந்த வருஷமும் இல்லை. யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடிக்காத மனுஷன், இருபத்திரண்டு வருஷமாக மத்தியானம் பேப்பர் திருத்திக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். கைதட்டல் இவருக்கு வந்தது, அதற்கு வேண்டிய தொண்டையைக் கொடுத்தது டீச்சர். அவருக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்று பிடிபடாததால், "போய்த் தண்ணி கொண்டா" என்று மகளை அதட்டினார்.

அவள் கொண்டுவந்து வைத்தாள். அதற்குமேல் அவளும் குத்திக்காட்டவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து பலகையை அடியோடு பிரித்துப் போட்டார். நீலச் சீட்டுகள் முதல் தடவையாக மத்தியானத்துக்கு இறங்கின. புதன்கிழமை ஐந்தாம் பீரியடை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பு சி யையும் தானே எடுத்துக்கொண்டார். டிராயிங் சார் என்ன சொல்வாரோ என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. சொன்னால் சொல்லட்டும் என்று அடுத்த குண்டூசியை எடுத்தார். இவ்வளவு சுலபமாகச் செய்திருக்கக்கூடிய காரியம் என்று தெரிந்தபோது அவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடித்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார். அதற்கு முந்தின நாள்தான் மூன்று வாரம் முடிந்து, மெல்லிய குரலில் கொஞ்சம் பேச டாக்டர் அனுமதித்திருந்தார். டீச்சர் வெகு நேரம் பலகையைப் பார்த்தார். நீலத்தைப் பார்த்தார், கத்திரிப்பூவைப் பார்த்தார்.

"நல்லாருக்குங்க" என்றார்.

பிறகு உள்ளே போய்க் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துவந்து பலகையின் ஓரத்தில் வைத்தார். மாற்றல் உத்தரவு. ஊரின் மறுகோடியில் இருக்கிற பள்ளிக்கு. அங்கே வரலாற்று ஆசிரியர் ஓய்வு பெற்று இடம் காலியாக இருந்திருக்கிறது.

வாத்தியார் இரண்டு தடவை படித்தார். "என்ன இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, உன் இடத்துல யாரப் போடறதுன்னு கேப்பீங்க. எனக்கு அதுக்குப் பதில் தெரியாது." டீச்சர் ஒவ்வொரு சொல்லாக அளந்து விட்டார், தொண்டைக்காகவும்தான். "அங்க நான் யாருக்கும் பொண்டாட்டி இல்லீங்க. வெறும் டீச்சர். எனக்கு இது முடியாதுன்னு வாயத் தொறந்து கேக்கலாம். யாரும் சிரிக்க மாட்டாங்க."

"இப்பதான் எல்லாத்தையும் மாத்திட்டேனே."

"பார்த்தேன். அதான் நல்லாருக்குன்னு சொன்னேன்."

டீச்சர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வாத்தியார் பதிலுக்கு எதையாவது பேசித் தப்பித்திருப்பார். மகள் சமையலறை வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மூன்று தட்டுகளை எடுத்து அங்கேயே பரிமாற ஆரம்பித்தாள்.

பள்ளிகள் திறந்தன. மகள் விடுதிக்குத் திரும்பினாள். டீச்சர் காலையில் பஸ் ஏறினார், வாத்தியார் சைக்கிள் ஏறினார். இருபது வருஷம் ஒரே வாசலுக்குப் போனவர்கள் தெருமுனையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வாத்தியார் எட்டாம் வகுப்பு சி க்குள் நுழைந்தார். ஒரு வட்டத்தின் பரப்பளவைச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வறண்டது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலு லாரி போயிற்று. மணி அடித்ததும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டும் அம்மாள் வந்து, "சார், கதவப் பூட்டணும்" என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்.

வீட்டுக்கு வந்தபோது டீச்சர் ஏற்கெனவே வந்து, துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு அங்க?"

"நல்லவங்களாத்தான் இருக்காங்க. டைம்டேபிள் இன்னும் முடியல, திங்கட்கிழமைதான் ஒட்டுவாங்களாம். ஒரு அறிவியல் டீச்சர்தான் போடறா, சின்னப் பொண்ணு. அவளே வந்து, 'எந்தப் பீரியட் உங்களுக்கு வசதி டீச்சர்?'னு கேட்டா."

இந்தக் கேள்வியை வேறு யாரோ கேட்க வேண்டியிருந்தது என்பதைத் தவிர வாத்தியாருக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. "நீ என்ன சொன்ன?" என்றார்.

டீச்சர் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"எது போட்டாலும் பரவாயில்லம்மான்னு சொல்லிட்டேன்."

"ஏன்? டாக்டர் சொன்னத சொல்லியிருக்கலாமே? அதுக்குத்தானே அங்க போன!"

"அதுக்குத்தான் போனேன். போற வழியெல்லாம் பஸ்ஸில மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டுத்தான் போனேன். அவ கேட்டதும் வாய் தானா அதச் சொல்லிடுச்சுங்க." டீச்சர் சிரிக்கப் பார்த்தார், குரல் பாதியில் உடைந்தது. "அவளும், 'நல்லதாப் போச்சு டீச்சர், ஏழெட்டுக் கட்டம் யாருக்குப் போடறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்'னு சந்தோஷமாப் போயிட்டா."

அந்தப் பெண் அந்த ஏழெட்டுக் கட்டங்களை என்ன செய்வாள் என்பது வாத்தியாருக்குத் தெரியும். உலகத்தில் டைம்டேபிள் போடுகிற எல்லோரும் செய்வதைத்தான் செய்வாள். பரவாயில்லை என்று சொன்ன ஒருவர் கிடைத்துவிட்டால் பிறகு வேறு யாரையும் தேட வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை வாத்தியார் அரை நாள் விடுப்புச் சொன்னார். அவர் விடுப்பு எடுத்ததை அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை, ஆகையால் தலைமையாசிரியை முதலில் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். வாத்தியார் பஸ் பிடித்து ஊரின் மறுகோடிக்குப் போனார். டீச்சர் அப்போது வகுப்பில் இருந்தார். ஆசிரியர் அறையில் ஒரு மூலையில், பெரிய தாளும் பென்சிலும் ரப்பருமாக அந்தச் சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். ரப்பர் துகள் மேஜை முழுக்க இருந்தது. இவர் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், நீங்களா! உங்களப் பத்தி எங்க பள்ளியிலகூடச் சொல்வாங்க. சொந்த வீட்டுக்கே சலுகை காட்ட மாட்டீங்களாமே!"

வாத்தியாருக்கு முகம் சுருங்கியது. "உட்காரும்மா. ஒரு சலுகை கேக்கத்தான் வந்தேன்" என்றார்.

அவள் விழித்தாள்.

"வரலாற்று டீச்சருக்கு. தொண்டையில கோளாறு. அவ சொல்ல மாட்டா."

"ஐயோ, எங்கிட்ட எது போட்டாலும் பரவாயில்லன்னாங்களே சார்!" அவள் பதறிப்போய்த் தாளை அவர் பக்கம் திருப்பினாள். "எதெது கஷ்டம்னு சொல்லுங்க. இன்னிக்கு சாயங்காலம்தான் ஒட்டறோம், மாத்திடலாம்."

வாத்தியார் தாளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"சேர்ந்தாப்பல மூணு பீரியட் வேணாம். மூணாவதுல பலகையில எழுதிப்போட்டுச் சமாளிப்பா, பேச்சு வராது. சாப்பிட்ட உடனே வேணாம், அவ மெதுவாச் சாப்பிடுவா, பாதி டப்பாவ மூடி வெச்சிட்டு ஓடுவா. ரோட்டுப் பக்கத்து வகுப்பு வேணாம். திங்கட்கிழமை முதல் பீரியட் வேணாம், காலையில குரல் தெளிய நேரமாகும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வேணாம். அது இருந்தா சனிக்கிழமை பூரா வீட்டுல பேச மாட்டா. ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் குரல் வரும்."

அந்தப் பெண் பென்சிலைப் பிடித்தபடி அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது.

"எங்க வீட்டுல நான் எந்த வகுப்புக்குப் போறேன்னுகூடத் தெரியாது சார். நீங்க இவ்வளவு கவனிச்சு வெச்சிருக்கீங்க. டீச்சர் குடுத்து வெச்சவங்க."

வாத்தியார் தலையை ஆட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினார், அவளுக்கு அது புரியவில்லை.

"கவனிச்சது இல்லம்மா" என்றார். "எல்லாம் நான் போட்டது. இருபது வருஷம் தெரிஞ்சேதான் போட்டேன்."

அவள் ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க சார், எழுதிக்கறேன்" என்றாள். அவர் முதலிலிருந்து சொன்னார்.